கட்டாமல் விட்ட கடைசி போன் பில்

பிரிட்டனில் வாழும் வாசகர்கள் கைபேசி காண்ட்ராக்ட் பற்றியும் கிரெடிட் ரிப்போர்ட் பற்றியும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். சட்டம் குறுக்கிடும் இடங்களில் இங்கிலாந்து, வேல்ஸ் நடைமுறையைச் சொல்லியிருக்கிறோம். ஸ்காட்லாந்தில் மாறுகிற இடத்தில் அதையும் குறித்திருக்கிறோம்.

கேள்வி: ஒரே கம்பனியில் ஒரே ஒரு போன்தான் எடுத்தேன். கிரெடிட் ரிப்போர்ட்டில் அவர்களின் பெயரில் இரண்டு கணக்குகள் இருக்கின்றன. ஒன்றில் 700 பவுண்ட்ஸ் கடன் என்று வேறு காட்டுகிறது. எனக்குத் தெரியாமல் லோன் போட்டுவிட்டார்களா?
– வாசகி, ஹாரோ

பதில்: லோன்தான் போட்டிருக்கிறார்கள், ஆனால் உங்கள் கையெழுத்தோடு. கடையில் டேப்லெட்டை நீட்டி வாங்கிய ஒப்புதலில் இரண்டு ஒப்பந்தங்கள் இருந்திருக்கும். ஒன்று போன் கருவிக்கு, மற்றது பேசுவதற்கும் டேட்டாவுக்கும். 2013இல் ஓ2 ‘ரெஃப்ரெஷ்’ என்ற பெயரில் இப்படிப் பிரித்து விற்கத் தொடங்கியது. வோடஃபோன் 2021இல் ‘ஈவோ’வைக் கொண்டுவந்தது. இப்போது பெரிய கடைகளில் கருவியோடு எடுக்கும் காண்ட்ராக்ட் பெரும்பாலும் இப்படித்தான்.

கருவிக்கான ஒப்பந்தம் 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்துக்கு உட்பட்ட முறையான கடன். வட்டி 0 சதவீதம் என்று விளம்பரத்தில் எழுதியிருப்பதால் அது கடன் இல்லை என்று ஆகிவிடாது. மாதம் 20 பவுண்டு வீதம் 36 மாதம் என்றால் முதல் நாள் நிலுவை 720. ஒரு தவணை போனதும் 700. நீங்கள் பார்த்த எண் அப்படி வந்திருக்கலாம், ஒப்பந்தத்தில் உள்ள தொகையோடு ஒத்துப் பாருங்கள். மார்ட்கேஜ் கேட்கும்போது இந்த மாதத் தவணையும் உங்கள் கட்டாயச் செலவில் சேரும்.

சேவை ஒப்பந்தம் கடன் இல்லை. ஆனாலும் அது ‘தொலைத்தொடர்பு’ கணக்காக ரிப்போர்ட்டில் ஏறுகிறது. அதற்குக் கடன் வரம்பு இருக்காது, வழக்கமாக அந்தந்த மாத பில் தொகைதான் தெரியும். கருவியையும் சேவையையும் ஒன்றாகக் கட்டி விற்ற பழைய வகைக் காண்ட்ராக்டுக்கு ஒரே வரிதான்.

இரண்டு கணக்கிலும் மாதத்துக்கு ஒரு குறி விழும். 0 என்றால் சரியாகக் கட்டியாயிற்று. 1 என்றால் ஒரு மாதத் தவணை பாக்கி, 2 என்றால் இரண்டு மாதம், இப்படியே 6 வரை போகும். 8 என்றால் டிஃபால்ட், அதாவது ‘இனி இவர் கட்டமாட்டார்’ என்று கம்பெனி முடிவுகட்டிவிட்டது. கைபேசிச் செயலிகளில் இதே விஷயம் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறமாக வரும். நெட்வொர்க்குகள் இந்தத் தகவலை மாதம் ஒருமுறைதான் அனுப்புகின்றன. இன்று பாக்கியைக் கட்டிவிட்டு நாளை செயலியைத் திறந்து பார்த்தால் ஒன்றும் மாறியிருக்காது. நாலு முதல் ஆறு வாரம் பொறுக்க வேண்டும்.

எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்று மூன்று நிறுவனங்கள் இந்தக் கடன் வரலாற்று ஏடுகளை (கிரெடிட் ஃபைல்) வைத்திருக்கின்றன. எல்லா நெட்வொர்க்கும் மூன்றுக்கும் தகவல் தருவதில்லை. அதனால் ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இல்லாமல் போகலாம். கிளியர்ஸ்கோர் செயலி காட்டுவது ஈக்விஃபாக்ஸின் ஏடு. கிரெடிட் கர்மா காட்டுவது டிரான்ஸ்யூனியனுடையது. சட்டப்படியான முழு ரிப்போர்ட்டை மூன்று நிறுவனங்களும் இலவசமாகத் தரக் கடமைப்பட்டவை. மாதச் சந்தா கேட்கும் பொத்தானைத் தாண்டிப் போய்த் தேடினால் அதற்கான இணைப்பு கிடைக்கும். மதிப்பெண்ணை அதிகம் பொருட்படுத்த வேண்டாம். ஒவ்வொரு நிறுவனமும் தன் அளவுகோலில் போடும் எண் அது, வங்கி தனக்கென்று வேறு கணக்குப் போட்டுக்கொள்ளும். நீங்கள் பார்க்க வேண்டியது மாதக் குறிகளை.

கேள்வி: செப்டம்பரில் எம்.எஸ்ஸி. படிக்க வந்தேன். ஊரில் என் சிபில் ஸ்கோர் 780. இங்கே இரண்டு கடைகளில் காண்ட்ராக்ட் கேட்டேன், இரண்டிலும் மறுத்துவிட்டார்கள். இப்போது லெபாரா சிம் போட்டு ஓட்டுகிறேன். இன்னும் எத்தனை கடையில் முயலலாம்?
– மாணவர், கோவென்ட்ரி

பதில்: இன்னொரு கடைக்குள் நுழையாதீர்கள். காண்ட்ராக்டுக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொரு முறையும் உங்கள் ஏட்டில் ஒரு தேடல், அதாவது கம்பெனி ஏட்டைப் பார்த்தது என்ற குறிப்பு, பதிவாகிறது. பொதுவாக 12 மாதம் அது மற்றக் கம்பெனிகளின் கண்ணில் படும், சில இடங்களில் அதைவிட நீண்ட காலம் இருக்கும். ஏற்கெனவே காலியாக இருக்கும் ஏட்டில் அடுத்தடுத்து நாலு தேடல்கள் இருந்தால் பணத்துக்குத் தவிக்கிற ஆள் என்றுதான் தோன்றும். நெட்வொர்க்கின் தளத்தில் ‘தகுதி பார்க்க’ என்ற வசதி இருந்தால் அதை மட்டும் பயன்படுத்துங்கள். அந்தத் தேடல் உங்களுக்கு மட்டுமே தெரியும்.

இந்தியாவின் கடன் மதிப்பெண்ணான சிபில் கடல் தாண்டி வராது. இங்கே நீங்கள் கெட்ட பெயர் எடுத்தவர் இல்லை, பெயரே இல்லாதவர். லெபாரா, லைக்கா போன்ற முன்பணச் சிம்களுக்குக் கடன் சோதனை இல்லை, அதனால் ரிப்போர்ட்டிலும் அவை வராது. பத்து வருடம் தவறாமல் டாப்-அப் செய்தாலும் ஏடு காலியாகவே இருக்கும்.

முதல் வேலையாக வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேருங்கள். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் காமன்வெல்த் நாடுகள். முறையான விசாவில் இங்கே வாழும் காமன்வெல்த் குடிமக்களுக்கு, மாணவர்கள் உட்பட, இந்த நாட்டில் ஓட்டுரிமை உண்டு. நம்மவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. தெரிந்தவர்களிலும் பலர் ‘நமக்கெதற்கு அரசியல்’ என்று விட்டுவிடுகிறார்கள். அரசாங்கத் தளத்தில் ஐந்து நிமிட வேலை. நேஷனல் இன்சூரன்ஸ் எண் கேட்பார்கள், இல்லையென்றால் இல்லை என்று காரணம் எழுதலாம். பட்டியலில் ஏறி, கிரெடிட் ஏட்டுக்கு வர ஓரிரு மாதம் ஆகும். யாரும் விலைக்கு வாங்கக்கூடிய ‘திறந்த பட்டியலில் வேண்டாம்’ என்று குறித்தாலும் பாதகமில்லை, ஏட்டு நிறுவனங்கள் பார்ப்பது முழுப் பட்டியலை.

அடுத்தது உங்கள் பெயர். ஏட்டு நிறுவனங்கள் பெயர், பிறந்த தேதி, முகவரி மூன்றையும் பொருத்தித்தான் ஆளை அடையாளம் காண்கின்றன. கார்த்திக் உங்கள் பெயர், சுப்பிரமணியன் அப்பா பெயர் என்று வைத்துக்கொள்வோம். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலி. வங்கி ‘கார்த்திக் சுப்பிரமணியன்’ என்று எழுதும். வாடகை முகவர் ‘எஸ். கார்த்திக்’ என்பார். இலங்கை வழக்கப்படி அப்பா பெயரை முன்னால் போடும் வீட்டில் ‘சுப்பிரமணியன் கார்த்திக்’ என்று இருக்கும். கணினிக்கு இவர்கள் மூன்று பேர். வங்கி, வாக்காளர் பட்டியல், போன், வாடகை எல்லாவற்றிலும் ஒரே வடிவத்தை, ஒரே எழுத்துக்கூட்டலில் கொடுங்கள். ஏற்கெனவே சிதறியிருந்தால், மாற்றுப் பெயரைச் சேர்த்து ஏடுகளை இணைக்கச் சொல்லி மூன்று நிறுவனங்களுக்கும் பாஸ்போர்ட் நகலோடு எழுத வேண்டும்.

முகவரியிலும் இதே சிக்கல் உண்டு. ‘14ஏ’, ‘பிளாட் 2, 14’, ‘முதல் மாடி, 14’ மூன்றும் ஒரே வீடாக இருக்கலாம். ராயல் மெயிலின் தளத்தில் அஞ்சல் குறியீட்டைப் போட்டு வரும் வடிவத்தையே எல்லா இடத்திலும் எழுதுங்கள். விடுதி என்றால் அறை எண்ணை விடாதீர்கள்.

வாக்காளர் பதிவு ஏறிய பிறகு, வங்கிக் கணக்கும் ஆறு மாதம் ஓடிய பிறகு, கருவி இல்லாத 12 மாதச் சிம் காண்ட்ராக்ட் ஒன்றுக்கு விண்ணப்பியுங்கள். மாதம் பத்துப் பவுண்டுக்குக் கிடைக்கிறதே போதும். ஆனால் எடுப்பதற்கு முன் அந்த நெட்வொர்க் கடன் சோதனை செய்கிறதா என்று பாருங்கள். கிஃப்காஃப், ஸ்மார்ட்டி, வாக்ஸி ஆகியவற்றின் மாதச் சிம்கள் முன்பண வகை. விலை மலிவு, கடன் வரலாறு கட்ட உதவாது.

முதல் பில்லில் ஒரு பொறி இருக்கிறது. நெட்வொர்க்குகள் சேவைக் கட்டணத்தை முன்கூட்டியே வாங்குகின்றன. அதனால் முதல் பில்லில் வாங்கிய நாளிலிருந்து பில் தேதி வரையிலான நாட்களும் அடுத்த முழு மாதமும் சேர்ந்து வரும். 10 பவுண்டு என்று நினைத்த இடத்தில் 17 போகும். கணக்கில் 12தான் இருந்தால் டைரக்ட் டெபிட் திரும்பிவிடும், முதல் மாதமே கறை விழ வழி திறக்கும்.

கேள்வி: இரண்டு வருடத்துக்கு முன் நெட்வொர்க் மாறினேன். நம்பரையும் கொண்டுபோய்விட்டேன், பழைய கம்பனியின் டைரக்ட் டெபிட்டையும் வங்கியில் நிறுத்திவிட்டேன். இப்போது வீடு வாங்கப் போனால் 23 பவுண்ட்ஸுக்கு ஒரு டிஃபால்ட் இருக்கிறதாம். அன்றைக்கே கட்டிவிட்டேன். எப்போது அழியும்?
– வாசகர், ஈஸ்ட் ஹாம்

பதில்: கட்டியதால் அழியாது. டிஃபால்ட் பதிந்த நாளிலிருந்து 6 வருடம் அது ஏட்டில் இருக்கும். கட்டியதும் ‘தீர்க்கப்பட்டது’ என்ற குறிப்பு மட்டும் சேரும். 23 பவுண்டோ 2,300 பவுண்டோ, கால அளவு ஒன்றே.

எங்கள் தபால்பெட்டிக்கு அதிகம் வரும் கேள்வியும் இதுதான், எனவே நடந்தது என்ன என்று பார்ப்போம். பி, ஏ, சி என்ற மூன்றெழுத்தை 65075க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் நம்பரைக் கொண்டுபோகும் கோடு (குறியீடு) வரும், 30 நாள் செல்லும். புதிய நெட்வொர்க்கில் அதைக் கொடுத்த பிறகு பழைய காண்ட்ராக்ட் முடிகிறது. அதுவரைக்குமான நாட்கணக்கு, திட்டத்துக்கு வெளியே பேசிய அழைப்புகள், காலம் முடியாமல் விலகினால் அதற்கான கட்டணம் எல்லாம் சேர்ந்து கடைசி பில் தயாராகும். அது வருவதற்கு சில வாரம் ஆகலாம். அதற்குள் நீங்கள் டைரக்ட் டெபிட்டை நிறுத்திவிட்டீர்கள். வங்கியில் டைரக்ட் டெபிட்டை நிறுத்துவது பணம் போகும் வழியை அடைப்பது மட்டுமே, கணக்கை முடிப்பதாகாது. மின்னஞ்சல் ஏதாவது வந்திருக்கும். உள்ளே போய்ப் பார்க்கலாம் என்றால் பல கம்பெனிகளில் நம்பர் போனதும் பழைய கணக்குக்குள் நுழையவே முடியாது. கடிதங்கள் பழைய முகவரிக்குப் போயிருக்கும்.

டிஃபால்ட் பதிய விதிமுறை உண்டு. தகவல் ஆணையர் அலுவலகத்தின் ஒப்புதலோடு கடன் துறை வகுத்துக்கொண்ட கோட்பாடுகளின்படி, பொதுவாக மூன்று மாத பாக்கி ஆனபின் பதியலாம், ஆறு மாதத்துக்குள் பதிந்துவிட வேண்டும். பதியப் போகிறோம் என்று குறைந்தது 28 நாள் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும். அந்தக் கெடுவுக்குள் முழுத் தொகையைக் கட்டினால் பதியக்கூடாது.

எனவே முதலில் பழைய நெட்வொர்க்கிடம் உங்களைப் பற்றிய தரவு முழுவதையும் கேட்டு எழுதுங்கள். தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி இலவசமாக, ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். கடைசி பில், 28 நாள் அறிவிப்பின் நகல், அது எந்த முகவரிக்குப் போனது, வாடிக்கையாளர் சேவையில் உங்களோடு பேசிய குறிப்புகள் ஆகிய நான்கையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். வந்த காகிதங்களில் பார்க்க வேண்டியவை:

அந்தத் தொகை உண்மையில் உங்கள் பாக்கிதானா? நம்பர் மாறிய நாளுக்குப் பிந்தைய நாட்களுக்கு ‘முன்னறிவிப்புக் காலம்’ என்று பணம் கேட்பதைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் 2019 ஜூலை 1 முதல் தடை செய்துவிட்டது. 23 பவுண்டு அந்த வகையா என்று நாள் நாளாகக் கணக்குப் பாருங்கள். அப்படியென்றால் டிஃபால்ட் அடியோடு போக வேண்டியதுதான்.

புதிய முகவரியை நீங்கள் சொல்லியிருந்தும் பழைய முகவரிக்கு அறிவிப்பை அனுப்பினார்களா? இதுவும் வலுவான வாதம். நீங்கள் சொல்லவே இல்லை என்றால் வாதம் பலவீனம்.

டிஃபால்ட் தேதி சரியா? முதல் பாக்கி விழுந்து ஒரு வருடம் கழித்துப் பதிந்திருந்தால், ஆறு மாதத்துக்குள் வரும்படி தேதியை முந்தைய நாளுக்கு மாற்றச் சொல்லிக் கேட்கலாம். ஆறு வருடக் கெடு அந்தத் தேதியிலிருந்து எண்ணப்படுவதால் அத்தனை மாதம் முன்னதாக அழியும். பலர் கவனிக்காமல் விடுகிற இடம் இது.

‘தொகை சிறியது’, ‘எனக்குத் தெரியாது’ என்பவை மட்டும் போதாது. இருந்தாலும் கருணை அடிப்படையில் நீக்கக் கேட்டு ஒரு கடிதம் எழுதுவதில் நஷ்டமில்லை. சில கம்பெனிகள் இசைகின்றன, அவர்களுக்கு அது கட்டாயமில்லை.

கடனை வசூல் நிறுவனத்துக்கு விற்றிருந்தால் ஏட்டில் அந்தப் புதிய பெயர் வரும். ஆனால் டிஃபால்ட் தேதி பழையதாகவே இருக்க வேண்டும். விற்ற நாளைப் போட்டிருந்தால் தவறு, திருத்தச் சொல்லுங்கள். ஒரே கடன் இரண்டு பெயரிலும் நிலுவையாக நிற்பதும் தவறு.

வசூல் நிறுவனம் நீதிமன்றத்துக்குப் போயிருந்தால் சங்கதி வேறு. கவுன்டி கோர்ட் தீர்ப்பு வந்த ஒரு மாதத்துக்குள் முழுதாகக் கட்டினால் பதிவே நீங்கும். தாண்டினால் ஆறு வருடம். பழைய முகவரிக்குப் போனதால் தெரியவே இல்லை என்றால் என்244 படிவத்தில் தீர்ப்பை விலக்கக் கோரலாம். கட்டணம் 300 பவுண்டைத் தாண்டும், வருமானம் குறைந்தவர்கள் இஎக்ஸ்160 படிவத்தில் சலுகை கேட்கலாம். எங்கள் யோசனை, இந்த இடத்துக்கு வந்துவிட்டால் முதலில் இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸில் பேசுங்கள்.

மார்ட்கேஜ் நின்றுவிடவில்லை. கடன் தருபவர்களில் சிலர் குறிப்பிட்ட தொகைக்குக் கீழே உள்ள தொலைத்தொடர்பு டிஃபால்டைக் கண்டுகொள்வதில்லை, சிலர் தீர்த்து எத்தனை மாதம் ஆயிற்று என்று பார்ப்பார்கள், சிலர் பார்த்ததும் மறுப்பார்கள். நேரே வங்கிக்குப் போகாமல், பல வங்கிகளின் விதி தெரிந்த தரகரிடம் மூன்று ரிப்போர்ட்டுகளையும் முன்கூட்டியே காட்டுங்கள். மறைத்துக்கொண்டு போய் விண்ணப்பித்தால் தேடலும் பதியும், மறுப்பும் வரும்.

இனி மாறப்போகிறவர்கள் வரிசையைக் கவனிக்கவும். கோடு கேட்பதற்கு முன்பே பில்களை இறக்கிவைத்து, தொடர்பு மின்னஞ்சலையும் முகவரியையும் சரிபார்த்துவிடுங்கள். டைரக்ட் டெபிட்டை அப்படியே விடுங்கள். கடைசி பில் போய், நிலுவை 0 என்று எழுத்தில் வந்த பிறகு நிறுத்துங்கள்.

கேள்வி: மனைவிக்குத் திருமணத்துக்கு முன்பே ஒரு போன் டிஃபால்ட் உண்டு. ஒரே வீட்டில் இருப்பதால் என் ஏடும் கெடுமா?
– வாசகர், டூட்டிங்

பதில்: கெடாது. திருமணமோ ஒரே முகவரியோ இருவர் ஏட்டையும் இணைப்பதில்லை. கூட்டு வங்கிக் கணக்கு, கூட்டுக் கடன், கூட்டு மார்ட்கேஜ் இருந்தால்தான் ‘நிதித் தொடர்பு’ உண்டாகும். போன் காண்ட்ராக்ட் ஒருவர் பெயரில் மட்டுமே இருக்கும் என்பதால் அதனால் தொடர்பு வராது. அவருடைய டிஃபால்ட் அழியும்வரை கூட்டுக் கணக்கு திறப்பதைத் தள்ளிப்போடலாம்.

கேள்வி: அக்கா மகன் புதிதாக வந்தவன், காண்ட்ராக்ட் கிடைக்கவில்லை என்று என் பெயரில் போன் எடுத்துக் கொடுத்தேன். நாலு மாதம் காசு தந்தான், இப்போது போனையே எடுப்பதில்லை. நெட்வொர்க்கிடம் சொல்லி அவன் பெயருக்கு மாற்ற முடியுமா?
– வாசகி, லெஸ்டர்

பதில்: கணக்கை மாற்றலாம், ஆனால் அவருடைய சம்மதமும் அவர் பெயரில் கடன் சோதனையும் வேண்டும். அதில் தேறாததால்தானே உங்களிடம் வந்தார். கருவிக்கான கடனை இன்னொருவர் தலைக்கு மாற்றுவது அதைவிடக் கடினம். சட்டத்தின் கண்ணில் கடன்காரர் நீங்கள்தான்.

டைரக்ட் டெபிட்டை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், தண்டனை உங்களுக்கு. அந்த நம்பருக்கு பில் வரம்பு போடச் சொல்லுங்கள். 2018 அக்டோபர் முதல் எடுத்த அல்லது நீட்டித்த காண்ட்ராக்டுகளில் இந்த வசதியைத் தர நெட்வொர்க்குகள் கடமைப்பட்டவை. வரம்பை 0 என்று வைத்தால் திட்டத்துக்கு வெளியே வெளிநாட்டு அழைப்போ கட்டண எண்ணோ போகாது. மாதக் கட்டணத்தை மிகக் குறைந்த திட்டத்துக்கு இறக்க முடியுமா என்றும் கேளுங்கள். முதல் 14 நாளுக்குள் விழித்திருந்தால் கருவிக் கடனிலிருந்து விலகும் உரிமை இருந்தது. இப்போது அந்த நாள் கடந்துவிட்டது. காலம் முடியும்வரை கட்டுவது அல்லது மொத்தமாகத் தீர்ப்பது என்ற இரண்டுதான் வழி. அக்கா மகனிடம் வசூலிப்பது குடும்பத்துக்குள் பேசித் தீர்க்க வேண்டியது.

இதோடு ஒட்டிய ஒரு எச்சரிக்கை. ‘உன் பெயரில் மூன்று காண்ட்ராக்ட் எடு, போன்களை எங்களிடம் கொடு, ஆளுக்கு 100 பவுண்டு, பிறகு நாங்களே ரத்து செய்துவிடுவோம்’ என்று மாணவர்களை அணுகும் கூட்டம் உண்டு. யாரும் எதையும் ரத்து செய்ய மாட்டார்கள். மூன்று கருவிகளின் கடனும் மாணவர் தலையில் விழும். கட்டும் எண்ணமே இல்லாமல் எடுத்தார் என்று முடிவானால் சிஃபாஸ் என்ற மோசடித் தடுப்பு அமைப்பின் பட்டியலில் பெயர் ஏறும். அது ஆறு வருடம் வரை நிற்கும், வங்கிக் கணக்கையே மூடவைக்கும். டிஃபால்டைவிடக் கொடியது.

கேள்வி: வெளிநாட்டுக்குப் போனபோது ரோமிங் என்று 140 பவுண்டு போட்டுவிட்டார்கள். நான் டேட்டாவை அணைத்துத்தான் வைத்திருந்தேன். கட்ட மாட்டேன் என்று நிற்கலாமா?
– வாசகர், குரோய்டன்

பதில்: மறுக்கும் தொகையை மறுக்கலாம், முழு பில்லையும் நிறுத்தக்கூடாது. வழக்கமான மாதக் கட்டணத்தைக் கட்டிக்கொண்டே, 140க்கு எழுத்தில் புகார் கொடுத்து ‘இந்தத் தொகை தகராறில் உள்ளது’ என்று குறிப்பிடுங்கள். உண்மையான தகராறு நடந்துகொண்டிருக்கும் தொகைக்கு டிஃபால்ட் பதியக்கூடாது என்பது நாம் மேலே சொன்ன கோட்பாடுகளில் அடக்கம். தொலைபேசியில் சண்டை போட்டுவிட்டு வைத்தால் அப்படி ஒரு தகராறு இருந்ததற்குச் சாட்சியில்லை.

கம்பெனி மசியாவிட்டால் ‘இதுவே எங்கள் இறுதி முடிவு’ என்ற கடிதம் கேளுங்கள். அதை வைத்தோ, புகார் விதியில் சொன்ன கெடு முடிந்த பிறகோ, சேவை பில் என்றால் புகார்களைத் தீர்த்துவைக்கும் அமைப்புகளான கம்யூனிகேஷன்ஸ் ஆம்பட்ஸ்மனுக்கோ சிசாஸுக்கோ போகலாம். உங்கள் நெட்வொர்க் எதில் உறுப்பினர் என்று பில்லிலேயே இருக்கும். தகராறு கருவிக் கடன் பற்றியது என்றால் போக வேண்டியது நிதிப் புகார்களைப் பார்க்கும் ஃபைனான்ஷியல் ஆம்பட்ஸ்மனிடம், அங்கே கம்பெனிக்குத் தரும் அவகாசம் 8 வாரம். கதவு மாறித் தட்டி மாதக்கணக்கில் இழந்தவர்கள் உண்டு. நுகர்வோருக்கு இவை எல்லாமே இலவசம்.

ஏட்டில் ஏற்கெனவே கறை விழுந்துவிட்டால் ஏட்டு நிறுவனத்திடமும் ஆட்சேபம் பதியுங்கள். அவர்கள் நெட்வொர்க்கைக் கேட்டு 28 நாளுக்குள் பதில் சொல்வார்கள், தாங்களாக எதையும் அழிக்க மாட்டார்கள். நெட்வொர்க் ‘சரிதான்’ என்றால் 200 சொற்களுக்குள் உங்கள் விளக்கத்தை ஏட்டோடு இணைக்கலாம். இதைக் கடைசி வழியாக வையுங்கள். விளக்கம் இருந்தால் விண்ணப்பத்தைக் கணினி விட்டுவிட்டு ஓர் ஆள் உட்கார்ந்து படிக்க வேண்டும், அதனால் தாமதமாகும்.

கேள்வி: வேலை முடிந்து குடும்பத்தோடு சென்னைக்கே திரும்புகிறோம். போன் காண்ட்ராக்டில் இன்னும் 14 மாதம் பாக்கி. அப்படியே விட்டுவிட்டுப் போனால் என்ன ஆகும்?
– வாசகர், மில்டன் கீன்ஸ்

பதில்: சில மாதத்தில் டிஃபால்ட் விழும், கடனை விற்பார்கள், உங்கள் பழைய வீட்டில் குடிவந்தவருக்குக் கடிதங்கள் போகும். இந்தியாவில் சிபில் ஏட்டுக்கு அது தானாக வராது. ஆனால் இரண்டு மூன்று வருடத்தில் கம்பெனியே திரும்ப அனுப்பினால், வாடகை வீட்டுச் சோதனையிலேயே அது எழுந்து நிற்கும். கடனுக்கு நீதிமன்றம் போகும் கெடு இங்கிலாந்தில் 6 வருடம், ஸ்காட்லாந்தில் 5.

முறையாக முடிக்க வழி உண்டு. ஐ, என், எஃப், ஓ என்று 85075க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள், விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று பதில் வரும். நம்பர் தேவையில்லை என்றால் எஸ், டி, ஏ, சி என்று 75075க்கு அனுப்பி வரும் கோடு சேவையை முடிக்க உதவும். அந்தக் கோடை இன்னொரு நெட்வொர்க்கில் கொடுத்தால்தான் அது வேலை செய்யும். நீங்கள் இன்னொரு நெட்வொர்க்குக்கே போகவில்லை என்பதால் நேரடியாகக் கம்பெனியை அழைத்து ரத்து செய்வதுதான் சரி, அப்போது 30 நாள் முன்னறிவிப்புக் கேட்கலாம். கருவிக் கடனின் மீதியைத் தனியாகத் தீர்க்க வேண்டும்.

எனவே பயணத்துக்கு ஆறு வாரம் முன்பே தொடங்குங்கள். இங்குள்ள வங்கிக் கணக்கைக் கடைசி பில் போகும்வரை மூடாதீர்கள். வங்கியின் உறுதிக் குறுஞ்செய்தி பிரிட்டன் நம்பருக்கே வரும் என்பதால், நம்பரை ஒரு முன்பணச் சிம்முக்கு மாற்றிக் கையோடு கொண்டுபோகிறவர்களும் உண்டு. அப்படிச் செய்வதானால் ரத்து வேண்டாம், மேலே சொன்ன 65075 வழியே போதும், முன்னறிவிப்புச் செலவும் மிச்சம்.

கேள்வி: எடுக்காத ஒரு காண்ட்ராக்ட் என் ஏட்டில் இருக்கிறது. முகவரி மட்டும் என்னுடையது.
– வாசகி, சவுத்தால்

பதில்: முதலில் வீட்டில் வேறு யாராவது, குறிப்பாக உங்கள் பெயரோடு ஒத்த பெயருள்ளவர், எடுத்தது உங்கள் ஏட்டில் கலந்துவிட்டதா என்று கேளுங்கள். நம் வீடுகளில் அப்பா பெயர் இரு பிள்ளைகளுக்கும் பொது என்பதால் இந்தக் கலப்பு நடக்கும். இல்லையென்றால் நெட்வொர்க்கின் மோசடிப் பிரிவை அழையுங்கள், சாதாரண வாடிக்கையாளர் சேவையை அல்ல. குறிப்பு எண் வாங்கிக்கொண்டு மூன்று ஏட்டு நிறுவனங்களுக்கும் எழுதுங்கள். மோசடி என்று உறுதியானால் கணக்கோடு அதற்காக நடந்த தேடலையும் நீக்கச் சொல்ல வேண்டும். தேடலை மறந்துவிடுகிறார்கள். சிஃபாஸில் கட்டணம் செலுத்திப் பாதுகாப்புப் பதிவு எடுத்தால் உங்கள் பெயரில் வரும் விண்ணப்பங்களை அதன் உறுப்பு நிறுவனங்கள் கூடுதலாகச் சோதிக்கும். உங்கள் சொந்த விண்ணப்பமும் அந்த இரண்டு வருடம் மெதுவாகவே நகரும்.

கேள்வி: காண்ட்ராக்ட் முடிந்து அதே நெட்வொர்க்கில் புதிய போன் எடுத்தால் பழைய நல்ல பதிவு போய்விடுமா?
– வாசகர், ஸ்லாவ்

பதில்: போகாது. பழைய கருவிக் கடன் ‘தீர்ந்தது’ என்று மூடப்பட்டு, மூடிய நாளிலிருந்து ஆறு வருடம் அதன் 0க்களோடு அங்கேயே இருக்கும். புதிய கருவிக்குப் புதிய கடன், புதிய தேடல். வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்றால் சாவி கைக்கு வரும்வரை பழைய போனையே வைத்துக்கொண்டு, சேவையை மட்டும் சிம் திட்டத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.